குறையில்லாத கடிதம்

என் தங்கையின் மகளிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அவள் கொண்டுவந்து தந்த கடிதத்தில் ஒரு குறை இருப்பதாகச் சொன்னேன். அதில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அந்தப் பொய்யினால் அவள் விற்ற இரண்டு ஏக்கர் வயலின் காசு, ஒரு மாதத்துக்குள் ஒன்றேகால் ஏக்கரின் காசாகச் சுருங்கியது. அதில் ஒரு சதமேனும் என் கைக்கு வரவில்லை. முன்பு இதை ஒரு சமாதானமாக எனக்குள் சொல்லிக்கொள்வேன். இப்போது சொல்வதில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை செய்தவன் நான். கடைசிப் பத்து வருடமும் வெளிநாட்டு நாணயப் பிரிவில் இருந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் ஊரில் அது பெருமையான உத்தியோகமாக இருக்கவில்லை. வட்டி எங்கள் மார்க்கத்தில் விலக்கு என்பதால் வங்கி அலுவலகத்தை "வட்டிக் கந்தோர்" என்பார்கள். பள்ளிவாசலில் என்னுடன் ஒரே வரிசையில் நின்று தொழுபவர்கள்கூட வெளியே வந்ததும் ஒரு சொல் குத்துவார்கள். அதற்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். "அமானிதத்தில கை வெச்ச ஆள் நான் இல்ல." ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைத் தொட்டதில்லை என்பதுதான் என் முழுக் கௌரவமும். அது உண்மையும்கூட. ஒருவருடைய காசை நான் தொட்டதே இல்லை. தொட்டது நாட்களை.

ஓய்வு பெற்ற பிறகு வெளிநாடு போகிறவர்களுடைய பத்திரங்கள் என் அறைக்கு வரத் தொடங்கின. கட்டாருக்குப் போகிறவன், கனடாவுக்குப் போகிறவள், யாராக இருந்தாலும் கையெழுத்து வைக்க முன் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். கடைப் பைகளில் போட்ட கோப்புகள் என் கட்டிலுக்குக் கீழே வரிசையாகக் கிடக்கும். அந்த வருடம் அங்கே கிடந்தவற்றில் இரண்டு என் சொந்தக் குடும்பத்தினுடையவை.

ஒன்று என் இளைய மகளினுடையது. அவளும் கணவரும் அவுஸ்திரேலியாவில் குடியேறுவதற்கு விசா கிடைத்திருந்தது. அங்கே வாழ்க்கையைத் தொடங்குவதற்கு, நான் சீதனமாக எழுதிக் கொடுத்த வளவுக் காணியை விற்றுக் காசை வங்கியில் போட்டிருந்தார்கள். அதை அனுப்புவதற்கு இன்னும் இரண்டு மாதம் தவணை இருந்தது.

மற்றது தங்கையின் மகளினுடையது. அவள் ஆஸ்பத்திரியில் தாதி. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் முதலில் போவாள், ஒரு வருடத்தில் கணவரும் பிள்ளையும் போய்ச் சேர்வார்கள் என்பது ஏற்பாடு. சொறிக்கல்முனைப் பக்கத்தில் அவளுக்குச் சீதனமாகக் கிடைத்த வயலை விற்றுவிட்டாள். முதல் கட்டணம் பன்னிரண்டு நாளில் அங்கே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த முறைக்கு இடமில்லை. படிவங்கள் எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்துக் கோப்பை என்னிடம் தந்திருந்தாள்.

நாட்டில் டொலர் இல்லாத காலம் அது. சமையல் காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பகலிலும் மின்சாரம் இல்லை. வங்கிகள் வெளிநாட்டுக் காசை மருந்துபோல அளந்து கொடுத்தன. ரூபாயின் விலையை மேலிடம் கையால் பிடித்து வைத்திருந்தது. கொழும்பில் என்னோடு வேலை செய்த ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, மகளுக்காக நிலவரம் விசாரித்தேன். "பிடி விடப் போறாங்க. நாளைக்கோ, வாற கிழமையோ தெரியாது. அனுப்புறதுகள அனுப்பிப் போடுங்க" என்றார்.

அன்றே இரண்டு கோப்புகளையும் வங்கியின் கல்முனைக் கிளையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் காலை அந்தக் கிளையின் முகாமையாளர் தொலைபேசியில் அழைத்தார். ஒரு காலத்தில் எனக்குக் கீழே எழுதுவினைஞராக இருந்தவர். இன்றைக்கும் என்னை 'சேர்' என்றுதான் கூப்பிடுவார்.

"சேர், இந்தக் கிழமைக்கு நம்மட கிளைக்கு வந்த டொலர் கொஞ்சம்தான். உங்கட ரெண்டு ஃபைல்ல ஒண்டுதான் ஏலும். எதப் போடுவம்?"

நான் அதிக நேரம் யோசித்ததாகச் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

"மகள்டதப் போடுங்க."

கோப்புகள் இரண்டும் அவருக்கு முன்னால் இருந்தன. தவணைகள் அவருக்கும் தெரியும்.

"மற்றது, சேர்? அதுதானே கிட்டத் தவண?"

"அதுல ஒரு கடிதம் சரியில்ல. புதுசு எடுத்துக் கொண்டாறன்."

அன்று பிற்பகல் வேலை முடிந்து வெள்ளைச் சீருடையோடேயே தங்கையின் மகள் காசைப் பற்றிக் கேட்க வந்தாள்.

"மாமா, சல்லி போயிட்டா?"

"இல்ல மகள். பல்கலைக்கழகக் கடிதத்தில அவங்கட வங்கிட குறியீட்டு இலக்கம் இல்ல."

"கீழ ஒரு இலக்கம் கிடக்கே மாமா?"

"அது வேற, இது வேற. புதுக் கடிதம் ஒண்டு கேட்டு எடுங்க."

அவள் வாயில் கையை வைத்தாள். "அல்லாஹ்வே, நான் கவனிக்கல்ல. நீங்க பாக்காட்டி என்ட சல்லி எங்கயோ போய் விழுந்திரிக்கும் என்ன?" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் புதுக் கடிதம் வந்தது. பழைய கடிதமேதான். அடியில் இருந்த அதே இலக்கத்தை அவர்கள் மேலே ஒருமுறை தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு மரியாதையாகச் செய்து தந்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு காலையில் வங்கிக்குப் போனேன். மகளுடைய காசு முந்திய நாளே போயிருந்தது.

வங்கி வாசலில் வழக்கமில்லாத கூட்டம். மின்சாரம் இல்லாததால் நாணய விலை காட்டும் பலகை இருண்டு கிடந்தது. அதற்குக் கீழே வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் விலைகளை எழுதி ஒட்டியிருந்தார்கள். எழுதியதை வெட்டிப் பக்கத்தில் வேறு எழுதி, அதையும் வெட்டியிருந்தார்கள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். முப்பது வருடம் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன் நான். சதக்கணக்கில் ஏறி இறங்கியதைத்தான் கண்டிருக்கிறேன். ஒரு தாளில் ஒரே காலையில் இரண்டு வெட்டுக்களைக் கண்டதில்லை.

றியால் கொண்டுவந்த ஒருவர் சந்தோஷம் தாங்காமல் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து மாத்தினவன் மடையன். இண்டைக்கி மாத்துறவன் ராசா."

"அப்ப நாளைக்கி மாத்துறவன்?" என்று ஒருவர் கேட்டார்.

"அவன் ஹாஜியார்!"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேனோ என்னவோ.

முகாமையாளர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். "சேர், வில ஒரு இடத்தில நிக்கிற வரைக்கும் ஒண்டும் அனுப்ப ஏலா எண்டு மேல இருந்து சொல்லிட்டாங்க. அண்டைக்கி இதப் போட்டிருந்தா..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். புதுக் கடிதத்தை வாங்கிப் பழையதற்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் பார்த்தார். அவருக்கு அந்த வேலையைப் பழக்கியவன் நான். பார்த்துவிட்டு இரண்டையும் ஒன்றாக மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

தங்கையின் வீட்டுக்குப் போனபோது எல்லோருக்கும் செய்தி தெரிந்திருந்தது. தங்கையின் மகள் எனக்கு மருமகள் முறை; அவளுடைய கணவர் மருதமுனைக்காரர். சாரன், கைலி மொத்த வியாபாரம். கோபத்தைப் பகிடியாகக் கொட்டுகிற மனிதர்.

"எட்டு வருசமா ஊசி மருந்து அளந்து ஏத்துறாள் மாமா. ஒரு தாள அளந்து பாக்கத் தெரியல்ல."

"உடுங்க மருமகன்" என்றாள் தங்கை.

"எப்பிடி உடுற? மூணு நாள் மாமி, மூணே மூணு நாள்! கடிதம் சரியா இரிந்தா சல்லி போய்ச் சேந்திரிக்கும்."

மருமகள் சுவரோடு நின்றாள். "என்ட பிழதான்" என்றாள். "மாமா கண்டு பிடிச்சிருக்காட்டி இன்னும் மோசமாப் போயிரிக்கும்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "குடிங்க காக்கா" என்று தங்கை தன் அண்ணனின் கையில் தேத்தண்ணிக் கோப்பையைத் தந்தாள். குடித்தேன். காசு இழப்பதைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். நான் புனைந்த குறை அவளுடைய குறையாக மாறி அந்த வீட்டிலேயே குடியிருக்கப் போகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அதிர்ச்சி வங்கி வாசலில் கண்ட விலையைவிடப் பெரிதாக இருந்தது. ஆனாலும் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

தவணை தப்பியது. பல்கலைக்கழகம் இரக்கப்பட்டு இடத்தை ஆறு மாதம் தள்ளிக் கொடுத்தது. அதற்குள் ரூபாய் இன்னும் விழுந்தது. அவள் கைக்காப்பையும் தாலிக்கொடியையும் விற்றாள். போதவில்லை. வீட்டு உறுதிப் பத்திரத்தை ஈடு வைத்தார்கள். அந்த ஆறு மாதமும் கறியில் உப்புக் குறைந்தால், "இதிலயும் இலக்கத்த உட்டுட்டியா?" என்று கணவர் கேட்பார். பிள்ளையின் பாடசாலைப் படிவம் ஒன்று வந்தால், "உம்மாட்டக் குடுக்காத, மூத்தப்பாட்டக் கொண்டுபோய்க் காட்டு" என்று என்னிடம் அனுப்புவார். அந்தப் பிள்ளையும் கொண்டுவரும். நானும் சரிபார்த்துக் கொடுப்பேன்.

என் மகள் அவுஸ்திரேலியாவிலிருந்து வீட்டின் படம் அனுப்பினாள். முன்னால் பச்சைப் புல். "வாப்பா, ஒங்கட புத்தி இல்லாட்டி நாங்க முடிஞ்சம்" என்றாள்.

மருமகள் பயணம் போவதற்கு முந்திய நாள், பிற்பகல் அஸர் தொழுது வந்து நான் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தாள். ஹஜ்ஜுக்கோ தூரதேசத்துக்கோ போகிறவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்கு ஏறி இறங்கிப் பொருத்தம் கேட்பது எங்கள் வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்து மன்னிக்கும்படி கேட்பது. கேட்கப்பட்டவர் "பொருந்தினேன்" என்று சொல்லிவிட்டு, "நீங்களும் பொருந்திக்கொள்ளுங்கள்" என்று திருப்பிக் கேட்பார். மற்றவரும் "பொருந்தினேன்" என்பார். இரண்டு பக்கமும் கணக்குத் தீர்ந்தது. கபுறுக்குழி வரைக்கும் அது செல்லும்.

அவள் எனக்கு முன்னால் நின்று முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"மாமா, நாளைக்கிப் பயணம். என்ட கையால வாயால ஒங்களுக்கு ஏதும் நடந்திரிந்தாப் பொருந்திக்கிங்க. எனக்காக எவ்வளவு அலைஞ்சீங்க."

நான் செய்ய வேண்டியதெல்லாம் அந்த வழமையான மறுமொழியைச் சொல்வது மட்டும்தான். "பொருந்தினேன் மகள், நீங்களும் பொருந்திக்கிங்க." அவள் ஒரு நொடியும் யோசிக்காமல் "பொருந்தினேன்" என்பாள். எதற்கு என்று தெரியாமலே சொல்வாள். நான் விடுதலை. அந்தச் சொற்கள் நாக்கின் நுனி வரை வந்துவிட்டன. அப்போதுதான் விளங்கியது, நான் இரண்டாவது முறையும் அவளிடம் எடுக்கப் போகிறேன் என்று. முதல் முறை மூன்று நாட்களை எடுத்தேன். இந்த முறை அவளுடைய மன்னிப்பையே.

"மகள், அந்தக் கடிதத்தில குறை ஒண்டும் இரிக்கல்ல" என்றேன்.

"எந்தக் கடிதம் மாமா?"

"முதல் கடிதம். இலக்கம் எல்லாம் சரியாத்தான் இரிந்த."

அவள் சிரித்தாள். "போங்க மாமா. போற நேரத்தில பகிடியா?"

நான் சிரிக்கவில்லை. முகாமையாளர் கேட்டதையும் நான் சொன்னதையும் கொழும்பிலிருந்து வந்த கதையையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் நடுவில் குறுக்கிடவில்லை. முடிந்ததும் விரல்களை மடித்து நாட்களை எண்ணினாள்.

"அப்ப அவுஸ்திரேலியா மச்சிட சல்லி போனது நான் புதுக் கடிதத்துக்கு எழுதிப்போட்டு இரிந்த நாள்லயா?"

"ஓம்."

"அவட தவண எப்ப?"

"ரெண்டு மாசம் இரிந்த."

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். நான் பேசிக்கொண்டே போனேன். ஹஜ்ஜுக்கென்று சேர்த்து வைத்த காசு இருக்கிறது, முழுவதையும் தருகிறேன், நாளைக்கே எடுக்கிறேன் என்றெல்லாம்.

"சல்லிய பொறகு பாப்பம் மாமா" என்றாள். குரல் ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுவது போல் நிதானமாக இருந்தது. "ஆறு மாசமா என்ட மாப்புள என்னக் கடிதம் பாக்கத் தெரியாதவள் எண்டு சொல்லிட்டிருக்கார். நானும் அப்பிடித்தான் நெனச்சன். வார்ட்டுல ஒரு மருந்து குடுக்க முந்தி மூணு தரம் பாக்கன். எழும்புங்க. வந்து அவருக்கிட்டச் சொல்லுங்க. உம்மாக்கிட்டயும் சொல்லுங்க. இப்பயே."

அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். வெயில் இன்னும் அடங்கவில்லை. வழியில் இரண்டு பேர் ஸலாம் சொன்னார்கள். பதில் சொன்னேனா என்று நினைவில்லை.

அங்கே நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதல்ல. உட்கார எனக்குத் தைரியமில்லை. அவள் கணவர் பயணப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கேட்டு முடிந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். "அப்ப நான் இவ்வளவு நாளும்..." என்றார். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். வாளி விழுகிற சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது.

தங்கைதான் பேசினாள். "காக்கா, வட்டிக் கந்தோர்க்காரன் எண்டு ஊர் சொன்ன நேரமெல்லாம், என்ட காக்கா அமானிதம் தொடாதவர் எண்டு சண்டைக்கிப் போனவள் நான். இனி நான் என்னத்தச் சொல்லிச் சண்ட புடிக்கிற?"

மருமகள் மறுநாள் காலையில் போனாள். "பொருந்தினேன்" என்ற அந்தச் சொல்லை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கிழமையே வங்கிக்குப் போனேன். ஹஜ்ஜுக் காசு முழுவதையும் அவளுடைய இரண்டாம் கட்டணத்துக்கு அனுப்பும்படி எழுதிக் கொடுத்தேன். முகாமையாளர் கணக்குப் பொறியில் தட்டிப் பார்த்துவிட்டு அதை என் பக்கம் திருப்பினார். பல வருடச் சேமிப்பு. பவுண்ஸாக மாறியபோது அது ஒரு கட்டணத்தின் பாதிக்குக்கூட வரவில்லை. பிழையாகத் தட்டிவிட்டீர்கள் என்றேன். இன்னொரு முறை தட்டினார். அதே இலக்கம். ரூபாய் விழுந்தது எனக்குத் தெரியாத செய்தியா? ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தவன்தானே. ஆனால் என் சொந்தக் காசு என் கண்ணுக்கு முன்னால் அப்படிச் சுருங்கியபோதுதான் அவள் சுவரோடு நின்ற நிற்பு எனக்கு விளங்கியது. "அனுப்பவா சேர்?" என்று கேட்டார். "அனுப்புங்க" என்றேன்.

மிச்சத்துக்கு என்னிடம் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் பெண்மக்களைப் பெற்றவன் கலியாணங்கள் முடிந்ததும் சொத்தில்லாதவன். வீடு மூத்த மகள் பெயரில். நான் அவளுடைய வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். விசயம் காதுக்கு எட்டியதும் நான் கேட்க முன்னமே அவள் சொல்லிவிட்டாள். "வாப்பா, ஊட்டு உறுதிய மட்டும் கேட்டுராதீங்க." இளையவளிடம் கேட்டேன். அந்த நாளில் அனுப்பிய லாபத்தில் ஒரு பங்கையாவது கொடு என்று. "ஏன் வாப்பா போய்ச் சொன்னீங்க? இப்ப மச்சிட மொகத்த நான் எப்பிடிப் பாக்க?" என்றாள். அதன்பின் இரண்டு மாதம் அழைக்கவில்லை. மூன்றாம் மாதம் தங்கையின் பெயருக்குக் கொஞ்சம் காசு வந்ததாகக் கேள்வி. எவ்வளவு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மருமகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "சல்லி கிடைச்சிச்சி மாமா." அவ்வளவுதான்.

என் அறைக்குக் கோப்புகள் வருவது நின்றுவிட்டது. தங்கையின் வீட்டார் ஊரில் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். நானே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன். மற்றவர்கள் தாமாக நின்றுகொண்டார்கள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு மருமகளுடைய கணவரும் பிள்ளையும் போகிற நாள் வந்தது. அவர் வீடு வீடாகப் பொருத்தம் கேட்டு வருவதாக மூத்த மகள் சொன்னாள். எங்கள் வாசல் படலையைக் கடந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். மோட்டார் சைக்கிள் நின்றது. உள்ளே வந்தார்.

"பொருந்திக்கிங்க மாமா. கதையால நானும் ஆக்கள நோகடிச்சவன்தான்."

"பொருந்தினேன் மருமகன்" என்றேன். திருப்பிக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"அது அவட கையில மாமா. அவ வந்தா நேர சொல்லுவா, இல்லாட்டிச் சொல்லாம உடுவா. நான் அதுக்குள்ள வரல்ல."

பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தார். அங்கே அவர்கள் குடியிருக்கப் போகிற வீட்டின் சொந்தக்காரர் அனுப்பியது. முற்பணம் இங்கிருந்து போக வேண்டும்.

"இதில எல்லாம் சரியா இரிக்கா எண்டு பாருங்க."

நான் கையை நீட்டினேன். அவர் தாளைத் தரவில்லை. தன் இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்து என் கண்ணுக்கு முன்னால் காட்டினார். நான் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். பெயர், முகவரி, வங்கி, கிளை, கணக்கு, குறியீடு. மேலிருந்து கீழே மூன்று தரம் வாசித்தேன். அவர் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"குறை ஒண்டும் இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"எல்லாம் இரிக்கி மருமகன். இண்டைக்கே போடலாம்."

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். வங்கி மூடுவதற்கு ஒரு மணி நேரம் இருந்தது. மோட்டார் சைக்கிள் கல்முனைப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். காசு அன்றைக்கே போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.